அத்தை வீட்டு ஒழுகலும் மூணு அடுக்கு சிமெண்டும்

மயிலாப்பூர்ல இருந்து அத்தை போன் பண்ணாங்கன்னா புரட்டாசி பிறந்தாச்சுன்னு அர்த்தம். "மழைக்கு முன்னாடி மேல ஏறி ஒரு தடவை பார்த்துட்டுப் போடா." இந்த வருசமும் நாற்றங்காலைத் தம்பிகிட்ட ஒப்படைச்சுட்டு மதுராந்தகத்துல பஸ் ஏறினேன்.

அத்தை வீட்டுக் கூரை ஒரே கூரை கிடையாது. முன்னாடி திண்ணைக்கு மங்களூர் ஓடு. நடுவில் முற்றம், அதைச் சுத்தி நாலு பக்கமும் ஓட்டுச் சரிவு. பின்னாடி ரெண்டு அறைக்கு மெட்ராஸ் டெரஸ். எங்க கொத்தனார் பாஷையில கட்டைக்குத்து. அதுக்கும் பின்னாடி, 1980கள்ல மாமா சேர்த்துக் கட்டின கான்கிரீட் சமையலறை. இந்த நாலும் ஒண்ணோடொண்ணு சேருகிற இடத்துலதான் வருசா வருசம் வாளி வைக்கிறாங்க.

காண்ட்ராக்டர்கள் ரெண்டு பேர் ஏற்கெனவே வந்து பார்த்துட்டாங்க. ஒருத்தர், "எல்லாத்தையும் இடிச்சுட்டு கான்கிரீட் போட்டுடலாம்" என்றார். இன்னொருத்தர், இருக்கிறதுமேலேயே நாலு அங்குலம் ஜல்லி கொட்டி கூலிங் டைல்ஸ் ஒட்டினா போதும்னு சொன்னார். மயிலாப்பூர், தி. நகர், அடையாறுன்னு பழைய வீடு வச்சிருக்கிற எல்லார்கிட்டயும் இந்த ரெண்டு பதில்தான் வருது. ரெண்டும் தப்புன்னு சொல்லத்தான் இதை எழுதறேன்.

மெட்ராஸ் டெரஸ்னா என்னன்னு தெரிஞ்சா காரணம் புரியும். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டை. அதுமேல மெல்லிசான சின்னச் செங்கல்லை நிறுத்தி வச்சு, மூலைவாட்டமா, சுண்ணாம்புக் காரையில ஒட்டிக்கிட்டே போவாங்க. அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளிச்சு, பொம்பளைங்க வரிசையா உக்காந்து மரக்கட்டையால நாள்கணக்கில அடிப்பாங்க. கடைசியா தட்டோடு. சுண்ணாம்பு ஈரத்தைக் கொஞ்சம் குடிக்கும், வெயில் வந்தா வெளியே விட்டுடும். அதனாலதான் அடியில இருக்கிற மரம் அவ்வளவு காலம் தாங்குது.

அதுமேல சிமெண்டைப் பூசினா என்ன ஆகும்? வெடிப்பு வழியா தண்ணி உள்ளே போகும், காயறதுக்கு வழி இருக்காது. சேத்து வயல்ல பிளாஸ்டிக் ஷீட்டை விரிச்ச மாதிரிதான். கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு மூலையை மட்டும் கொத்திப் பார்த்தோம். அத்தைக்கே ஞாபகம் இல்லாத மூணு அடுக்கு சிமெண்ட் இருந்தது! ஒவ்வொரு ஒழுகலுக்கும் ஒரு அடுக்கு. எடையையும் பாருங்க. பத்துக்குப் பத்து அறைமேல நாலு அங்குலம் ஜல்லி போட்டா ஒன்றரை டன்னுக்குக் குறையாது. நனைஞ்சா இன்னும் கூடும்.

பதினொரு கட்டையையும் சுத்தியலால தட்டி, சுவருக்குள்ள போற முனையில ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பார்த்தேன். ஒன்பது கட்டையில நுனிகூட இறங்கலை. ரெண்டுல மட்டும் மாவு மாதிரி உள்ளே போச்சு. ரெண்டுமே அந்த சிமெண்ட் ஒட்டுக்கு நேர் கீழ. ரெண்டு கட்டையை மாத்துறதுக்கு வீட்டையே இடிக்கணுமா? கடல் காத்து பட்டு, அந்த கான்கிரீட் சமையலறையிலதான் கம்பி துருப்பிடிச்சு காரை பெயருது. தாத்தா காலத்து தேக்கு நல்லாத்தான் இருக்கு.

ஒழுகுற இடம் வேற, தண்ணி நுழையுற இடம் வேற. வயல்ல மடை உடைஞ்சா ஈரம் தெரியுற இடத்துல மண்ணு போட மாட்டோம், வரப்போட நடந்து போய் ஓட்டையைத் தேடுவோம். அதேதான். ஹோஸ் பைப்பை வச்சு கீழிருந்து மேல, ஒவ்வொரு பகுதியா தண்ணி விட்டு அரை மணி நேரம் பொறுத்திருந்து பார்த்தோம். ஓட்டுச் சரிவு ரெண்டு கூடுற கூடல்வாயில தகடு ஓட்டையாகியிருந்தது. மொட்டை மாடியில பத்தடிக்கு ரெண்டு அங்குலமாவது வாட்டம் வேணும். மூணு அடுக்கு பூசினதுல வாட்டம் தூம்பைப் பார்க்காம சுவரைப் பார்த்துத் திரும்பிடுச்சு. தூம்புக்குள்ள வேப்பஞ்சருகோட ஒரு ரப்பர் பந்தும் இருந்தது.

பழசு எல்லாத்தையும் காப்பாத்தியே ஆகணும்னு நான் சொல்ல வரலை. சுவரே வெடிச்சு, கட்டையெல்லாம் கரையான் தின்னிருந்தா இடிக்கத்தான் வேணும். அதைப் பிரிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் ஊர் ஊரா பிரிச்சு எடுத்துட்டு வந்த வீடுகளைத் திரும்பக் கட்டி வச்சிருக்காங்க, ஒரு நடை போய் நிமிர்ந்து கூரையைப் பாருங்க.

இன்னொண்ணு. கூரை வேலைக்குப் புரட்டாசியில ஆள் தேடாதீங்க. சென்னைக்கு வருசத்து மழையில பாதிக்கு மேல வடகிழக்குப் பருவத்துலதான் கொட்டுது. சுண்ணாம்பு மெதுவாத்தான் இறுகும், ஐப்பசி மழைக்குள்ள அது ஆகாது. தை பிறந்து வெயில் ஏறின பிறகு பிரிக்கணும்.

அதனால இப்போதைக்கு தூம்பைச் சுத்தம் பண்ணி, கூடல்வாய்க்குத் தகடு மாத்தி, அந்த ரெண்டு கட்டைக்கும் கீழ முட்டுக் கொடுத்து, கொத்தின மூலைமேல தார்ப்பாய் கட்டிட்டு வந்திருக்கேன். சம்பா அறுவடை முடிஞ்சதும் கொத்தனாரோட வர்றேன்னு சொன்னேன்.

"அப்போ வாளியெல்லாம் எடுத்து உள்ளே வச்சிடட்டுமா?"

"ஒண்ணு மட்டும் வெளியே இருக்கட்டும் அத்தை."