கச்சான் காற்றும் கடல் அலையும்

அலையின்மேல் பலகையைப் போட்டு, அதன்மேல் நின்றவாறே கரை சேரும் விளையாட்டைப் பற்றி, கடலைக் கண்ணாற் கண்டிராத மலைநாட்டுச் சிறுவர்க்கு எழுதுவானேன் என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். காரணம் இருக்கிறது. ஹட்டனில் கொழுந்து எடுப்போர் தலையில் கொட்டும் மழைக்கும், பொத்துவிலை அடுத்த அறுகம்பையில் எழும் அழகிய அலைக்கும், பதுளைப் பக்கத்துத் தேயிலையின் மணத்துக்கும் பொதுவான காற்று ஒன்று உண்டு. அதன் வழியை அறிந்தவர்க்கு நம் நாட்டின் வானிலையில் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி உயிரோடு தொடர்புடையது; அதைப் பின்னர்ச் சொல்வோம்.

மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. யாழ்ப்பாணத்தார் இதனைச் சோளகம் என்பர். மட்டக்களப்பார்க்கு இது கச்சான். (கச்சான் என்றதும் வறுத்த கடலை நினைவுக்கு வரும் சிறுவர் சற்றுப் பொறுத்தருள்க!) இந்துமாகடலின் ஈரத்தையெல்லாம் சுமந்துவரும் இக்காற்று, மலைநாட்டின் மேற்குச் சரிவில் வந்து முட்டுகிறது. முட்டிய காற்றுக்கு மேலே ஏறுவதன்றி வேறு வழியில்லை. ஏற ஏறக் குளிர்கிறது. குளிரக் குளிர நீராவி நீராகிறது. கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா என்று வரிசையாக மழை கொட்டுகிறது. வட்டவளைப் பக்கத்தில் ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. அவ்வளவு நீரும் வழிந்தோடாமல் நின்றால் மூன்று ஆள் உயரத்துக்கு நிற்கும் என்று சொன்னால் அதன் அளவு புரியும்.

2524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலையும் ஹோட்டன் சமவெளியும் அப்புத்தளை முகடும் சேர்ந்து நடுவில் ஒரு மதில் போல நிற்கின்றன. மதிலைத் தாண்டிய காற்று ஈரத்தை இழந்த காற்று. அது கீழே இறங்கும்போது ஒரு விந்தை நிகழ்கிறது. மேகத்தினூடே ஏறும் காற்று 100 மீற்றருக்கு ஏறத்தாழ அரைப் பாகை குளிர்கிறது; நீராவி நீராகும்போது வெளிப்படும் வெப்பம் அதன் குளிர்ச்சியைக் குறைத்துவிடுகிறது. ஆனால், வறண்டு இறங்கும் காற்றோ 100 மீற்றருக்கு ஒரு பாகை சூடேறுகிறது. ஆகவே 1500 மீற்றர் ஏறி 1500 மீற்றர் இறங்கிய காற்று, புறப்பட்டபோது இருந்ததைவிட ஏழெட்டுப் பாகை சூடாக மறுபுறம் வந்து சேரக்கூடும். மட்டக்களப்பார் கச்சானைக் குறை கூறுவது வீண் புலம்பல் அன்று என்பது இப்போது விளங்கும்.

இந்த வறண்ட காற்று வெலிமடை, பண்டாரவளை, பதுளை, பசறைப் பக்கங்களில் வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலமே ஊவாத் தேயிலையின் பொற்காலம். நீர் குறைந்து தவிக்கும் செடி மெல்ல மெல்லத் தளிர்க்கிறது. அத்தளிரில் மணப்பொருள்கள் செறிகின்றன. உலகச் சந்தையில் பெயர்பெற்ற ஊவா மணம் இவ்வாறு பிறப்பதே. உளுக்குக்குத் தேய்க்கும் தைலத்தில் ஒருவகை மணம் வீசுமே, அதற்குக் காரணமான மெதைல் சலிசிலேற்று என்னும் பொருள் இத்தேயிலையிலும் இருக்கிறது. வாங்குவோர் அதிக விலை கொடுக்கிறார்கள். ஆனால், கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு இது கடினமான காலம். தளிர் மெல்ல வருவதால் கூடை நிறைவதில்லை. நிறுவையில் எடை குறைந்தால் முழுப்பேர் கிடைப்பது அரிது. தேயிலை மிக மணக்கும் மாதத்தில் கூடை மிக இலேசாய் இருக்கிறது என்பதைத் தேநீர்ப் பெட்டியின் மேலே யாரும் அச்சிடுவதில்லை.

மலையை விட்டு இறங்கிய காற்று மொனராகலைக் காடுகளைக் கடந்து கிழக்குக் கரையை அடைகிறது. அறுகம்பையில் காலை வேளைகளில் அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். வரும் அலையை எதிர்முகமாகத் தடவிக் கொடுப்பது போன்ற இக்காற்றினால் அலையின் முகம் கண்ணாடி போல வழவழப்பாகிறது. சட்டென்று உடைந்து சிதறாமல் நின்று சுருளுகிறது. பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் அந்த அழகு குலைந்துவிடும். எனவேதான் அலைச்சறுக்கு வீரர்கள் விடியுமுன்பே பலகையுடன் கடற்கரைக்கு ஓடுகிறார்கள். பிரட்டுக்களத்துக்கு ஓடும் நம்மவரும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் எழுகிறார்கள்.

காற்று அலையைச் செதுக்குகிறது. ஆனால், அலையைப் பெற்றெடுப்பது அக்காற்று அன்று. அறுகம்பை அலையின் பிறப்பிடம் ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால், ஆபிரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் தெற்கே, தென்மாகடலில் உள்ளது. நமக்கு மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்கள் பூமியின் தென்பாதிக்குக் குளிர்காலம். அக்காலத்தில் அங்கே ஓயாது புயல் வீசுகிறது. புயல் கிளப்பிய அலைகளுள் நீண்டவை முந்திக்கொண்டு வடக்கு நோக்கிப் புறப்படுகின்றன. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே 16 விநாடி இருக்குமானால், அந்த அலைக்கூட்டம் மணிக்கு 45 கிலோமீற்றர் வேகத்தில் நகரும்; ஒரு நாளில் 1000 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். 5000 கிலோமீற்றர் தொலைவில் எழுந்த புயலின் அலை ஐந்தாம் நாள் நம் கரைக்கு வரும் என்று பள்ளி மாணவரே கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். வந்த அலை, கரையின் முனையை அடுத்த ஆழம் குறைந்த இடத்தில் வேகங் குறைந்து, முனையைச் சுற்றி வளைந்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கமாக நீளமாய் உடைகிறது. அறுகம்பையின் புகழுக்குக் காரணம் அந்த முனையே.

அலையின் வருகையை முன்கூட்டிக் கூறும் கலை விளையாட்டுக்காகப் பிறந்ததன்று. இரண்டாம் உலகப் போரின்போது படைகளைக் கரையிறக்குவதற்குத் தகுந்த நாளைக் குறிக்கும் பொருட்டு ஹரால்ட் ஸ்வெர்ட்ரூப், வால்ட்டர் மங்க் என்னும் அறிஞர்கள் இதற்கு முறை வகுத்தார்கள். 1944 ஆம் ஆண்டு நோர்மண்டிப் படையிறக்கத்துக்கும் அம்முறை உதவிற்று. பின்னர் 1963 இல் மங்க் தம் குழுவினருடன் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை அளவைநிலையங்கள் அமைத்து, தென்மாகடற் புயலில் பிறந்த அலை பசிபிக் மாகடல் முழுவதையும் கடந்து செல்வதை அளந்து காட்டினார். இன்று அறுகம்பைக்கு வரும் வெளிநாட்டு இளைஞர் ஒருவர், அடுத்த வாரம் எந்த நாளில் அலை எத்தனை அடி எழும், எத்திசையிலிருந்து வரும், எத்தனை விநாடி இடைவெளி இருக்கும், காலைக் காற்று எப்பக்கம் என்பனவற்றையெல்லாம் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டே பெட்டியைக் கட்டுகிறார்.

டிசெம்பர் வந்தால் மேடை திரும்பிவிடுகிறது. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீச, ஊவா நனைகிறது. ஹட்டனும் திம்புள்ளையும் காய்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை திம்புள்ளைத் தேயிலை மணக்கிறது. நுவரெலியாவில் சில விடியற்காலைகளில் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவதும் அப்போதுதான். அதே மாதங்களில் ஹிக்கடுவை, வெலிகமைக் கரைகளில் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீச, அலைச்சறுக்குக்காரர் அங்கே கூடுகிறார்கள். எந்தக் கரையில் அலை சிறக்கிறதோ, அதற்கு நேர் மேலேயுள்ள மலையில் தேயிலை மணக்கிறது என்று மாணவர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் பூகோளப் பாடத்தில் ஒரு பக்கத்தை மனனஞ் செய்யும் தொல்லை மிஞ்சும்.

இனி, மேலே மீதி வைத்த பாதிக்கு வருவோம்.

விளையாட வந்தவருக்கு அலை பற்றி இவ்வளவு நுட்பமான முன்னறிவிப்பு கிடைக்கிறது. மலைச்சரிவில் லயத்தில் வாழும் குடும்பத்துக்குக் கிடைப்பது யாது? நுவரெலியா மாவட்டத்தில் அவ்வப்போது மழை பெய்யும் என்ற ஒரு வரி. அந்த ஒரே மாவட்டத்துள் மேற்கே ஈரம் சொட்டும் அம்பகமுவையும் இருக்கிறது. கிழக்கே மழை மறைவில் கிடக்கும் வலப்பனையும் இருக்கிறது. ஒன்றுக்குப் பொருந்துவது மற்றதற்குப் பொருந்தாது. அறிவியலாளர் மீது பழி சொல்லி யாதொரு பயனும் இல்லை. ஐந்து நாள் பயணம் செய்து வரும் அலை தன் வருகையை முன்னரே அறிவித்துவிடுகிறது. குறித்த ஒரு மலையின்மீது அரைமணி நேரத்தில் திரளும் மேகம் அப்படி அறிவிப்பதில்லை. ஆயினும், பெய்த மழையை அளப்பது எவருக்கும் இயலும். அங்கேதான் குறை இருக்கிறது.

மலைநாட்டின் மிகக் கொடிய மண்சரிவுகள் பல ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் நிகழ்ந்தவை. இவை இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்கள். அறுகம்பையிலிருந்து அலைச்சறுக்குக்காரர் கிளம்பிவிடும் காலம். பிற்பகல் இடிமழை ஒருபுறம், வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கமும் சூறாவளியும் மறுபுறம். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்ட லயங்களை மண் மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆனால், சொந்த நிலம் இல்லாதவனிடம் இவ்விடத்தை விட்டுப் போ என்று சொன்னால் அவன் எங்கே போவான்? போகுமிடத்தைக் காட்டாத எச்சரிக்கையைப் பாதி எச்சரிக்கை என்றே நாம் கொள்வோம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாகப் பொத்துவிலுக்குச் செல்லும் பெருந்தெரு அந்தக் கொஸ்லந்தையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி கிழக்குக் கரை வழியாக நாட்டுக்குள் புகுந்தபோது மலைநாடு பட்ட பாட்டை வாசகர் அறிவர். நாடெங்கும் 600 க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் பேரிழப்பைக் கண்டன.

மண்சரிவு எச்சரிக்கைக்கெனத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று அளவுகளைக் கூறுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்து, மேலும் பெய்துகொண்டிருந்தால் விழிப்பாக இருக்கவேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் புறப்படுவதற்கு ஆயத்தமாக வேண்டும். 24 மணியில் 150 மில்லிமீற்றரோ, ஒரே மணியில் 75 மில்லிமீற்றரோ பெய்துவிட்டால் இருக்குமிடத்தை விட்டு வெளியேற வேண்டும். இந்த மூன்று எண்களையும் மலைநாட்டுப் பிள்ளைகள் பெருக்கல் வாய்பாட்டோடு சேர்த்துப் பாடமாக்கினால் நன்று. தரையில் புதிய வெடிப்பு, சாயத் தொடங்கும் மரம், திறக்கவோ மூடவோ மறுக்கும் கதவு, திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று என்பவற்றைக் கண்டால் எண்ணுக்குக் காத்திராமலே நகர்ந்துவிடலாம்.

தோட்டங்கள் பலவற்றில் மழைமானி வைத்து நாள்தோறும் குறிக்கும் வழக்கம் வெள்ளைக்காரத் துரைமார் காலந்தொட்டு உண்டு. அது உரம் போடவும் கவ்வாத்து வெட்டவும் ஏற்பட்ட கணக்கு. அந்த எண்ணை ஏட்டுக்குள் மூடி வைக்காமல், காலையில் பிரட்டுக்களத்தில் ஒரு கரும்பலகையில் தமிழில் எழுதி வைத்தால் என்ன? செலவு ஒரு சுண்ணக்கட்டி. தோட்டத் தலைவர்மாரும் பாடசாலை அதிபர்களும் இதனைக் கேட்டுப் பெறலாம் என்பது நம் எண்ணம்.

அதுவரை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அடியும் வாயும் ஒரே அகலமாயுள்ள தகரப் பேணி ஒன்று போதும். மரமோ கூரையோ மறைக்காத வெளியில், காற்றுக்குச் சாயாதவாறு கற்களுக்கிடையே அதனை நிறுத்துக. நாள்தோறும் காலை ஒரே நேரத்தில் அடிமட்டத்தை உள்ளே நேராக விட்டு எத்தனை மில்லிமீற்றர் நனைந்தது என்று பார்க்கவேண்டும். பேணியின் அகலம் எதுவாயினும் கணக்கு மாறாது. அடிமட்டத்தின் பூச்சியம் ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்தால் அந்த இடைவெளியையும் கூட்டிக்கொள்க. பெருமழையன்று மாலையிலும் இரவிலும் ஒருமுறை பார்ப்பது நல்லது. ஆனால், அப்போது நீரைக் கொட்டாமல் காலைக்கே விட்டுவைக்க வேண்டும். காலையில் அளந்து குறித்தபின் மறவாமல் கொட்டிவிடுக. விட்டுவைத்தால் மறுநாட் கணக்கும் பிழைக்கும், நுளம்பும் முட்டையிடும்.