ஆவி ஏன் அதிகம் சுடுகிறது?
கொதிக்கும் தண்ணீரும் 100 டிகிரி செல்சியஸ்; இட்லிச் சட்டியிலிருந்து எழும் ஆவியும் ஏறக்குறைய அதே 100 டிகிரிதான். ஆனால், ஆவி பட்டால்தான் காயம் பெரிது. ஏன்?

வெப்பநிலை ஒன்றாக இருந்தாலும், உள்ளிருக்கும் ஆற்றல் ஒன்றல்ல. 30 டிகிரியில் உள்ள ஒரு கிராம் தண்ணீர் கொதிநிலையைத் தொட 70 கலோரி போதும். அது முழுதும் ஆவியாக மேலும் 540 கலோரி வேண்டும். அப்போது சூடு ஏறுவதில்லை. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியை விடுவிக்கவே அந்த ஆற்றல் செலவாகிறது. ஆவி தோலில் பட்டு மீண்டும் நீராகும்போது அத்தனையும் அங்கேயே இறங்குகிறது.

ஆகவே, மூடியின் மறுபக்கத்தை முதலில் தூக்கி, ஆவியை அந்தப் பக்கம் போகவிடுங்கள். பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும். சுட்டுவிட்டால் பற்பசை, கிச்சாப் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கொப்புளம் எழும்பினால் மருத்துவரைப் பாருங்கள்.