“ரெபெக்கா” நாவலும் வாசகர்கள் நியாயமும்

இங்கிலாந்தில் டாப்னே டு மோரியே என்னும் அம்மையார் 1938-ம் வருஷத்தில் எழுதி வெளியிட்ட “ரெபெக்கா” என்கின்ற நாவலைப் பற்றி அதன் வாசகர்களுக்குள் இருந்துவரும் தகராறு இன்னமும் தீர்ந்தபாடில்லை. இதைப் போன்ற காதல் கதை உண்டா என்று ஒரு கூட்டத்தார் உருகுகிறார்கள். மற்றொரு கூட்டத்தார், கதாநாயகி வாய் திறக்கத் தெரியாத பேதை, புருஷனோ முரடன், இதில் காதல் எங்கே இருக்கின்றது என்று கேட்கிறார்கள். முதல் பாதியில் கதையே நகரவில்லை என்பவர்களும் உண்டு. அவர்கள் சங்கதியை விட்டுவிடுவோம்.

கதையைப் படியாதவர்களுக்காகச் சுருக்கமாய்ச் சொல்லுகிறோம். ஒரு பணக்காரச் சீமாட்டியிடம் சம்பளத்திற்குத் துணையாயிருந்த 21 வயதுப் பெண்ணை, மாண்டர்லி என்னும் மாளிகைக்குச் சொந்தக்காரனான 42 வயது மாக்ஸிம் டி வின்டர் இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொள்ளுகிறான். முதல் மனைவி ரெபெக்கா கடலில் மூழ்கி இறந்துபோனவள் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். புதுப்பெண் அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் இறந்தவள் பெயர்தான். கதை முழுவதையும் சொல்லுகிறவள் இப்புதுப்பெண்தான். ஆனால் அவளுடைய சொந்தப் பெயர் இன்னதென்று புஸ்தகத்தில் ஒரு இடத்திலும் இல்லை! மிஸஸ் டி வின்டர் என்பதுதான் அவள் பெயர். அது முந்தியவளுக்கும் பெயர்.

இதைப் பேய்க்கதை என்று நினைத்துப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். புஸ்தகத்தில் பேயே இல்லை. வீட்டுக்காரி டான்வர்ஸ் பூட்டிப் பாதுகாத்து வைத்த ஒரு அறையும், சில கடிதங்களின் கையெழுத்தும், வேலைக்காரர்கள் பேச்சும், ஊரார் புகழ்ச்சியும் சேர்ந்து ஒரு பெண்ணை ஜன்னலிலிருந்து குதித்துவிடலாமா என்று நினைக்கும் அளவுக்குக் கொண்டுபோய் விடுகின்றன. பயம் எப்படி உற்பத்தியாகின்றது என்பதை இவ்வளவு விளக்கமாய்க் காட்டியதற்காக அம்மையாரைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் நாம் எழுத வந்த விஷயம் வேறு. கதையின் பின்பகுதியில் மாக்ஸிம் தன் புது மனைவியிடம், ரெபெக்கா மூழ்கிச் சாகவில்லை, நானே அவளைச் சுட்டுக் கொன்று, பிணத்தைப் படகில் வைத்துக் கடலில் அமிழ்த்தினேன் என்று ஒப்புக்கொள்ளுகிறான். இதைக் கேட்டவள் கொலைகாரனோடு குடித்தனம் செய்கிறோமே என்று நடுங்கினாளா? இல்லை. அவர் ரெபெக்காவை நேசிக்கவே இல்லையாம் என்று மனம் குளிர்ந்து போகிறாள்! அவளாவது அந்த வீட்டுச் சோற்றை உண்கிறவள். வாசகர்களுக்கு என்ன வந்தது? அவர்களும் அன்று முதல் மாக்ஸிம் தப்பவேண்டுமே என்று பக்கத்திற்குப் பக்கம் பதைக்கிறார்கள். விசாரணையில் தற்கொலை என்று தீர்ப்பானதும் பெருமூச்சு விடுகிறார்கள். மறு விசாரணைக்கு வரும் மாஜிஸ்ட்ரேட்டோ அவன் வீட்டில் விருந்து சாப்பிடுகிற சிநேகிதர்.

ஏனென்று கேட்டால், ரெபெக்கா நடத்தை கெட்டவள் என்கிறார்கள். அவளுக்குக் கள்ளப் புருஷன் இருந்தது வாஸ்தவமே. ஆனால் அவளுடைய மற்றக் குற்றங்களில் பெரும்பாலானவற்றிற்குச் சாட்சி யார்? அவளைக் கொன்றவன்! செத்தவள் வந்து பதில் சொல்லப் போவதில்லை. மற்ற எந்த வழக்கிலாவது இப்படிப்பட்ட சாட்சியத்தை இதே வாசகர்கள் ஒப்புக்கொள்ளுவார்களா?

சரி, அவள் சொல்லப்பட்டபடியே கெட்டவள் என்று வைத்துக்கொள்வோம். மனைவி சோரம் போனால் விவாகரத்து வாங்கிக்கொள்ள இங்கிலாந்தில் 1857-லேயே சட்டம் வந்துவிட்டது. அதிலும் புருஷனுக்கு மனைவியின் சோரம் ஒன்றே போதும். மனைவிக்கோ, புருஷன் சோரம் போனது போதாது, கூடவே கொடுமை முதலிய வேறு குற்றமும் ருஜுவாக வேண்டும் என்று இருந்து, 1923-ல்தான் சமமாயிற்று. ஆகவே மாக்ஸிமுக்குக் கோர்ட்டு வாசல் திறந்தே இருந்தது. ஊர் சிரிக்குமே, மாண்டர்லியின் பெயர் கெடுமே என்று அவன் அங்கே போகவில்லை. என் வயிற்றில் பிறக்கும் வேறொருவன் குழந்தை இந்த மாளிகைக்கு வாரிசாகும் என்று அவள் சொன்னபோதுதான் துப்பாக்கி வெடித்தது. இது சொத்துக்காகச் செய்த கொலையா, மானத்துக்காகச் செய்த கொலையா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும். காதலுக்காகச் செய்ததல்ல என்பது மட்டும் நிச்சயம்.

1940-ல் ஹிட்ச்காக் இதைப் படம் பிடித்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. மனைவியைக் கொன்றவன் தண்டனையில்லாமல் தப்புவதை அக்காலத்து அமெரிக்க சினிமாத் தணிக்கை விதி ஒப்பவில்லை. அதற்காகக் கொலையையே எடுத்துவிட்டு, ரெபெக்கா தானே தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டுச் செத்ததாக மாற்றினார்கள். அந்த வருஷத்தின் சிறந்த படம் என்று ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. கத்தரி பிடித்தவர்களுக்குக் கூடக் கொலைகாரனைக் கதாநாயகனாக வைத்துக்கொள்ள ஒரு சாக்கு வேண்டியிருந்தது. புஸ்தகம் படித்தவர்களுக்கு அந்தச் சாக்கும் தேவைப்படவில்லை!

அம்மையார்மீது நமக்குக் குறை இல்லை. நான் எழுதியது பொறாமையைப் பற்றிய ஆராய்ச்சி என்றே அவர் சொல்லி வந்தார். காதல் கதை என்று விளம்பரம் செய்து விற்றவர்கள் வியாபாரிகள்.

கதாநாயகி கோழை என்று கோபிக்கிற வாசகர்களை ஒன்று கேட்கிறோம். சொந்தத்தில் காசில்லை, போக்கிடமில்லை, தாய் தகப்பனில்லை. அவள் எந்தத் தைரியத்தில் வாய் திறப்பாள்? பணத்திற்கும் அழகிற்கும் தைரியத்திற்கும் குறைவில்லாத ரெபெக்கா வாய் திறந்தாள். அவளுக்குக் கிடைத்தது குண்டு. இவ்விருவரில் யாரைப்போல் இருக்கவேண்டும் என்கிறார்கள்?

2001-ல் சாலி போமன் என்னும் மற்றொரு அம்மையார், “ரெபெக்காவின் கதை” என்ற பெயரில், செத்தவள் பக்கத்து வாதத்தையும் எழுதி ஒரு நாவல் வெளியிட்டார். மூலக் கதை வந்து 63 வருஷங்களுக்குப் பிறகு!