வாயில் திறந்தது, வழி திறந்ததா?

கோட்டூர்புரத்திலே நிமிர்ந்து நிற்கிறது அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று அதைத் திறந்து வைத்தவர் அன்றைய முதலமைச்சர் கலைஞர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே நாடாண்டவர்! 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை ஒதுக்கி, 'மாற்றுத்திறனாளிகள்' என்று மதிப்போடு அழைக்க வைத்தவர். அந்த நூலகத்தில் பார்வையற்றோருக்கான பிரெய்ல் பகுதி தரைத்தளத்திலேயே இருக்கிறது. அறிவு தேடி வருவோரை அலைய வைக்காத ஏற்பாடு அது.

அதே கோட்டூர்புரத்திலிருந்து ஒரு தோழர் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கால் நடக்காது, கை உழைக்கும். அரசு வழங்கிய, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 20 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்று, முட்டுக்காட்டுத் தட்சிணசித்ராவை அடைகிறார்.

1996இல் திறக்கப்பட்ட வாழும் வரலாற்று அருங்காட்சியகம் அது. தமிழகம், கேரளம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து, மீண்டும் அங்கே எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் இல்லம் உண்டு. நெசவாளர் வீடு உண்டு. குயவர் குடில் உண்டு. கைவினைஞர் தொழில் செய்வதைக் கண்ணெதிரே காணலாம். பாராட்டத்தக்க பணி!

ஆனால், பழைய வீடு என்றால் எப்படி இருக்கும்? தெருவிலிருந்து இரண்டு மூன்று படி. அதன்மேல் திண்ணை. அப்பால் நிலைவாசல், காலைத் தூக்கி வைத்துத் தாண்டவேண்டிய நிலைப்படி. உள்ளே முற்றத்துக்கு இறங்க மற்றொரு படி. நடப்பவர் கண்ணுக்கு அழகு. சக்கர நாற்காலிக்கு மதிற்சுவர்! பாட்டன் தறி நெய்த வீட்டைப் பார்க்க வந்த பேரன், பாட்டன் வீட்டு வாசலிலேயே நின்றுவிடுவதா?

தட்சிணசித்ராவைக் குறை கூற இதை எழுதவில்லை. அரண்மனையோ, கோட்டையோ, தலைவர் வாழ்ந்த இல்லமோ, 'வரலாற்றைக் காண வாரீர்' என்று மக்களை அழைக்கும் அத்தனை இடங்களையும் நோக்கிக் கேட்கிறோம்.

'படியை இடித்தால் பழமை போய்விடாதா?' என்பர் சிலர். இடிக்கச் சொன்னது யார்? வீட்டையே பெயர்த்து வந்து நிறுத்தத் தெரிந்த தச்சருக்கும் கொத்தனாருக்கும், அரையடிப் படிக்குச் சரிவுப் பலகை போடத் தெரியாதா? கணக்கு எளிது: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். அரையடிக்கு ஆறடிப் பலகை. வேண்டும்போது வைக்கலாம்; வேண்டாதபோது எடுக்கலாம். ஏறவே வழியில்லாத மாடியா? அங்குள்ளதைக் கீழே படமாகக் காட்டுங்கள். ஆனால் மாடியைச் சாக்காக வைத்து வாசலிலும் கைவிரிக்காதீர்கள்!

சென்னை மெரினாவைப் பாருங்கள். 2022 நவம்பரில், மணலின்மேல் 263 மீட்டர் நீள மரப்பாதை அமைத்தார்கள். அலையை அருகே பார்த்தறியாதவர்கள் சக்கர நாற்காலியில் கடலோரம் சென்றார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது; மீண்டும் சீரமைத்தார்கள். நிலையில்லாத மணலில் முடிந்தது, அசையாத கல்லில் முடியாதா?

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மக்கள் வந்துபோகும் தனியார் கட்டடத்தையும் பொதுக்கட்டடம் என்றே சொல்கிறது. பழைய கட்டடங்களைச் சீர்செய்ய அது தந்த ஐந்தாண்டுக் கெடு 2022இல் முடிந்தது. 'வெறும் பரிந்துரை போதாது, கட்டாய விதி வேண்டும்' என்று 2024 நவம்பர் 8ஆம் நாள் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் 11 இலட்சத்து 79 ஆயிரம் பேர். இத்தனை பேரையும் வாசலில் நிறுத்திவிட்டு, யாருக்குக் காட்டுகிறோம் வரலாற்றை?

1924இல் வைக்கத்துத் தெருவிலே, 'இதற்கு மேல் வராதே' என்று மனிதனைத் தடுத்தார்கள். பெரியார் போனார், சிறை புகுந்தார், அடுத்த ஆண்டே தெருக்கள் திறந்தன. அன்றைய தடைக்குப் பின்னால் ஆணவம் இருந்தது. இன்றைய படிக்குப் பின்னால் இருப்பது அலட்சியம். தடுக்கப்பட்டவனுக்கு இரண்டும் ஒன்றுதான்!

தோழர்களே! ஊருக்கு உபதேசம் செய்யுமுன் நம் வீட்டைப் பார்ப்போம். நமது மன்றங்களுக்கும் படிப்பகங்களுக்கும் எத்தனை படி? அளவுநாடாவை எடுங்கள், அளந்து பாருங்கள். தச்சுத் தொழில் தெரிந்த தோழர் இல்லாத கிளை ஏது? முதல் பலகை நம் வாசலில் விழட்டும். பிறகு, உங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்கும் நினைவில்லத்துக்கும் செல்லுங்கள்; எந்தப் படி எவ்வளவு உயரம் என்று குறித்து, அதிகாரிகளிடம் மனுக் கொடுங்கள்.

உள்ளே இருப்பது நமது வரலாறு. நம்மில் ஒருவரும் வெளியே நிற்கலாகாது!