டிரையேஜ் மேசையில் பல்ஸ் ஆக்சிமீட்டர்

அவசரப் பிரிவுக்கு வரும் குழந்தைகளுள் யாருக்கு உடனடி மருத்துவம் தேவை, யார் சற்றுக் காத்திருக்கலாம் என வகுக்கும் டிரையேஜில், குருதியில் ஆக்சிஜன் குறைந்திருப்பதைக் கண்ணால் மட்டும் கண்டறிய முயல்வது போதாது. உதடும் நாக்கும் நீலம் பாரிப்பதற்கு, நுண்குழாய்க் குருதியில் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் அளவுக்குச் சேர வேண்டும் என்பதால், மொத்த ஹீமோகுளோபினே 7 கிராமாக உள்ள குழந்தையிடம் அந்த அறிகுறி மிகவும் காலம் தாழ்ந்தே தோன்றும், அல்லது தோன்றாமலே போகும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 6 முதல் 59 மாத இந்தியக் குழந்தைகளுள் 67.1 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். ஆகவே இந்நாட்டில் இது அரிய நிலை அன்று.

உலக சுகாதார அமைப்பின் 2016 ஆம் ஆண்டு வழிகாட்டுதல், அதிர்ச்சி, வலிப்பு, நினைவிழப்பு, கடும் மூச்சுத்திணறல் போன்ற அவசர அறிகுறிகள் உள்ள குழந்தைக்கு ஆக்சிஜன் செறிவு 94 விழுக்காட்டுக்குக் கீழும், அவை இல்லாத குழந்தைக்கு 90 விழுக்காட்டுக்குக் கீழும் இருந்தால் ஆக்சிஜன் தர வேண்டும் என்கிறது. இந்த எண்களுக்கு உரிய மதிப்பு, அளவீடு சரியாக இருந்தால்தான் உண்டு. சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகள் துடிக்கும் தமனிக் குருதியில் உறிஞ்சப்படும் விகிதத்தைக் கொண்டு இச்செறிவைக் கணக்கிடும் பல்ஸ் ஆக்சிமீட்டர், குளிர்ந்த விரலிலும், அழுது உதறும் கையிலும், கைக்குழந்தையின் விரலில் தளர்ந்து நிற்கும் பெரியவர்களுக்கான கிளிப்பிலும் பிழையான எண்ணையே காட்டக்கூடும். திரையில் துடிப்பலை சீராக ஓடி, காட்டப்படும் நாடித்துடிப்பும் நேரில் எண்ணிய இதயத்துடிப்பும் ஒத்துப்போன பிறகே அளவைப் பதிவு செய்வது முறை.

எண்ணுக்கு மருத்துவரின் முடிவின் மீது உள்ள பிடியும் கவனத்துக்குரியது. டொராண்டோவில் மூச்சு நுண்குழல் அழற்சியுடன் வந்த கைக்குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2014 இல் வெளியிட்ட ஆய்வில், உண்மை அளவு காட்டப்பட்ட குழுவில் 41 விழுக்காட்டினரும், அளவு 3 புள்ளி உயர்த்திக் காட்டப்பட்ட குழுவில் 25 விழுக்காட்டினரும் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மறுபுறம், ஆக்சிஜன் பெற்றுக்கொண்டே களைத்துவரும் ஆஸ்துமா குழந்தையிடம் கரியமில வாயு தேங்குவதையும், தீப்புகை சுவாசித்த குழந்தையின் குருதியில் கார்பன் மோனாக்சைடு கலந்திருப்பதையும் 98 என்ற எண் மறைத்துவிடும்.

எனவே குறைந்த அளவு குழந்தையின் முன்னுரிமையை உயர்த்தலாமேயன்றி, இயல்பான அளவு எந்நிலையிலும் அதைக் குறைக்கக் கூடாது. அவசர அறிகுறி உள்ள குழந்தைக்குக் கருவி அளவைக் காட்டும்வரை ஆக்சிஜனை நிறுத்திவைக்காமல் இருக்கவும், ஒவ்வோர் அளவோடும் அது வெறுங்காற்றில் எடுத்ததா, ஆக்சிஜன் தரும்போது எடுத்ததா என்பதைக் குறித்துவைக்கவும், கைக்குழந்தைகளுக்குரிய சுற்றுவகைச் சென்சார்களை டிரையேஜ் மேசையிலேயே வைத்திருக்கவும் துறைத்தலைவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.