கோவைக்கு ஏற்ற விஞ்ஞானக் காட்சிசாலை

பொருட்காட்சிசாலை என்றவுடன் கண்ணாடிப் பேழைகளும், அவற்றுள் பத்திரமாக உறங்கும் பண்டங்களும், தொடக்கூடாது என்று கண்டிக்கும் பலகையும் நம் மனத்தில் எழுவது நெடுநாளைய வழக்கம். அந்த வழக்கத்தைத் துணிந்து மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய மின்சாரப் பொறியாளரான ஆஸ்கர் ஃபான் மில்லர். அவர் 1903-ஆம் ஆண்டில் மியூனிக் நகரில் தோற்றுவித்து, 1925-ல் இஸார் நதித் தீவொன்றில் சொந்தக் கட்டடத்தில் திறந்துவைத்த காட்சிசாலையில், வந்தவர்கள் விசையை அழுத்தி யந்திரங்களை ஓட்டிப் பார்த்தார்கள். கைப்பிடியைச் சுழற்றிப் பார்த்தார்கள். மாதிரிச் சுரங்கத்தினுள் நடந்தும் பார்த்தார்கள். சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டு, தம் சிறு மகன் அங்கே கொண்ட குதூகலத்தைக் கண்டு, தம் நகரத்துக்கும் அத்தகைய ஒன்று வேண்டுமென்று பொருளை வாரி வழங்க, 1933-ல் சிகாகோவிலும் அது உருவாயிற்று. நம் தேசத்தில் 1959-ல் கல்கத்தா இவ்வழியில் அடியெடுத்து வைத்தது, பெங்களூர் பின்தொடர்ந்தது. கோயம்புத்தூரில் கொடீசியா கண்காட்சி வளாகத்தின் அருகே மண்டல அறிவியல் மையம் திறக்கப்பட்டது 2013-ல்தான்.

காலதாமதத்தைக் குறித்து இப்போது வருந்திப் பயனில்லை. ஆயினும் ஒரு தொழில் நகரத்தில் அமையும் காட்சிசாலை, வேறெந்த ஊரிலும் வைக்கத்தக்க பொதுப் பண்டங்களோடு திருப்தியடைந்துவிடலாமா என்பதைப் பற்றிச் சிறிது விவாதிக்க வேண்டியிருக்கிறது. வளைந்த நிலைக்கண்ணாடியும், தொங்கும் ஊசலும், காற்றில் மிதக்கும் பந்தும் குழந்தைகளை மகிழ்விக்கும் என்பதில் ஐயமில்லை, அவை இருக்கட்டும். ஆனால் ஊரின் ஜீவனமே எந்த யந்திரங்களைச் சுற்றி நடக்கிறதோ, அந்த யந்திரங்களினூடே விஞ்ஞானத்தைக் காட்டாத காட்சிசாலை, ஊருக்கு வந்து போகும் விருந்தாளியாகவே இருந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

பம்பை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலை மழை மேகங்களை மறித்துவிடுவதால் மழை சுருங்கிய கொங்குச் சீமையில், விவசாயி கிணற்றை நம்பியே வாழ்ந்தான். 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் மலையிலிருந்து இறங்கி வந்தபோது அந்தக் கிணறுகளுக்கு மோட்டாரும் பம்பும் தேவைப்பட்டன. 1937-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக மின்மோட்டார் இவ்வூரில் செய்யப்பட்டதும், வார்ப்படச் சாலைகள் தெருவுக்குத் தெரு பெருகியதும் அந்தத் தேவையின் விளைவுகளே. அக்காலத்து விவசாயி எவரைக் கேட்டாலும், குழாயடியிலுள்ள ஃபுட் வால்வு கசிந்தால் பம்பில் நீர் நில்லாதென்றும், தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றாமல் மோட்டாரைப் போட்டால் வெறுமனே ஓடுமென்றும், நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரையும் கிணற்றுக்குள் இறக்கி மேடை கட்டி வைக்க வேண்டுமென்றும் சொல்லுவார். மேலேயே வைத்துக்கொண்டு இன்னும் பெரிய மோட்டாரால் இழுத்தால் என்ன என்று கேட்டால், "இழுக்காதுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவர் நிறுத்துகிற இடத்தில் விஞ்ஞானம் தொடங்குகிறது.

பம்பு உண்மையில் நீரை இழுப்பதே இல்லை. குழாயினுள் வெற்றிடம் உண்டாக்கி வழிவிடுவதோடு, உறிஞ்சும் பக்கத்தில் அதன் வேலை முடிகிறது. வெளியே கிணற்று நீரின்மேல் அழுந்திக்கொண்டிருக்கும் வாயுமண்டலமே அதை மேலே தள்ளுகிறது. அந்த வாயுவின் பாரம் தாங்கக்கூடிய நீர்த்தூண் கடல்மட்டத்தில் சுமார் 10.3 மீட்டர் உயரந்தான். நானூறு மீட்டருக்குமேல் உயர்ந்து நிற்கும் கோவையில் அதனினும் சற்றுக் குறைவு. நடைமுறையில் ஏழெட்டு மீட்டருக்குமேல் எதிர்பார்ப்பது வீண். இத்தாலிய தேசத்திலும் பம்புக்காரர்கள் இதே சங்கடத்தில் சிக்கியிருந்ததைக் கலிலியோ 1638-ல் வெளியிட்ட தம் நூலில் குறித்துவைக்க, அவருடைய சீடர் டாரிசெல்லி அந்தப் புதிரை ஆராய்ந்தே காற்றுக்கும் எடையுண்டு என்று 1640-களில் தெளிந்து பாதரசப் பாரமானிக்கு வழி கண்டார். கிணற்றடியில் தொடங்கிய பிரச்சினை பௌதிக சாஸ்திரத்தின் ஓர் அத்தியாயத்தையே திறந்துவிட்டது என்னும் இந்தக் கதையைச் சொல்லக் கோவையைவிடத் தகுதியான ஊர் எது?

காட்சிசாலையின் முற்றத்தில் பன்னிரண்டு மீட்டர் உயரமுள்ள, உள்ளே தெரியும் குழாயொன்றை நிறுத்தி, அடியில் ஒரு தொட்டியும் உச்சியில் காற்றை உறிஞ்சும் பம்பும் வைத்து, பிள்ளைகளே கைப்பிடியைச் சுழற்றும்படி செய்தால், சாயம் கலந்த நீர் மளமளவென்று ஏறி, ஓரிடத்தில் திகைத்து நின்று, எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அதற்குமேல் ஒரு சாணும் அசையாமலிருப்பதை அவர்கள் பிரத்தியட்சமாகக் காண்பார்கள். உபாத்தியாயர் கரும்பலகையில் எழுதிக் காட்டும் வாயு அழுத்தம் அன்றோடு அவர்கள் கைக்கே அனுபவமாகிவிடும்.

மோட்டாரும் அப்படியே. மும்முனை மின்சாரத்தில் இரண்டு ஒயர்களை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும் என்பது, காயில் கட்டும் கடையில் வேலை பழகும் பையனுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். சுழலும் காந்தப்புலம் என்னும் கருத்தை இதைவிட எளிதாகக் காட்ட வழியில்லை. உள்ளே சுழலும் ரோட்டரை எடுத்துவிட்டு, ஆபத்தில்லாத குறைந்த மின்னழுத்தம் கொடுத்த, அசையாத வெளிப்பகுதியாகிய ஸ்டேட்டருக்கு நடுவே ஒரு செம்பு முட்டையை வைத்தால், தொடுவாரின்றியே அது சுழலத் தொடங்கி, வேகம் கூடியதும் நுனியில் எழுந்து நிற்கும். மின்பொறியாளர் டெஸ்லாவின் இந்த வித்தை 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் காட்டப்பட்டது. ஸ்டேட்டர் இவ்வூரில் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

எல்லாக் காட்சிகளுக்கும் விசைப் பொத்தான் வைத்துவிட்டால் "கையால் செய்து அறிதல்" நிறைவேறிவிட்டதாக நிர்வாகிகள் எண்ணுவது ஒரு மயக்கம். பொத்தானை அழுத்திவிட்டு, விளக்கு எரிவதற்குள் அடுத்த பொத்தானுக்கு ஓடும் பிள்ளைகளை நாம் எல்லோருமே கண்டிருக்கிறோம். கையால் சுழற்றும் டைனமோவில் விளக்கு அணைந்திருக்கும்போது கைப்பிடி லேசாகச் சுற்றும். விளக்கைச் சேர்த்ததும் அதே கைப்பிடி திடீரென்று கனத்துப்போகும். அந்தக் கனத்தை உணர்ந்த பிள்ளைக்கு, பைக்காராவில் நீர் எதற்காக விழ வேண்டியிருக்கிறது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்னபின், நம் நாட்டில் எவரும் பேச விரும்பாத விஷயமொன்றைப் பேசியாக வேண்டும், அது பழுது. ஆயிரம் கைகள் தொடும் பொருள் உடையத்தான் செய்யும். உடையவே இல்லையென்றால் அதை யாரும் தொடவில்லை என்றே அர்த்தம். கட்டடத்துக்கு அடிக்கல்லும் திறப்புவிழாக் கல்லும் உண்டு. தேய்ந்த பேரிங்கை மாற்றியதற்கு எவரும் கல் நாட்டுவதில்லையாதலால், அதற்குப் பணம் ஒதுக்குவோரும் அரியர். அணுகுண்டுத் திட்டத்தில் பணிபுரிந்து, பின்னர் அரசியல் காரணங்களால் பல்கலைக்கழகப் பதவியை இழந்து, கொலராடோ மலைகளில் மாடு வளர்த்து, அங்கேயே பள்ளி ஆசிரியராகவும் இருந்த ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், 1969-ல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரட்டோரியத்தைத் தொடங்கியபோது, காட்சிகளைச் செய்யவும் செப்பனிடவும் வேண்டிய பட்டறையைப் பின்புறத்தில் ஒளிக்காமல், வருகிறவர்கள் பார்க்கும்படியே அமைத்தார். வெல்டிங் பொறியும் கடைசலும் அங்கே காட்சியின் ஒரு பகுதியாயின. காட்சிகளைச் செய்யும் முறைகளைப் புத்தகமாக அச்சிட்டு, பிற ஊரார் தாராளமாகச் செய்துகொள்ளவும் வழிவிட்டார்.

பள்ளிப் படிப்பை இளமையிலேயே நிறுத்தி, மோட்டார் சைக்கிளொன்றைப் பிரித்துப் பூட்டியே யந்திர சாஸ்திரம் கற்ற ஜி.டி.நாயுடுவின் ஊரில் இந்த முறை அந்நியமாகத் தோன்றக் காரணமில்லை. அவிநாசி சாலையில் அவர் பெயரால் விளங்கும் காட்சிசாலை, ஒரு மேதையின் ஆர்வத்தைக் கண்ணுக்கு நிறைவாகக் காட்டுகிறது. பிரித்துப் பூட்டும் வாய்ப்பைப் பிள்ளைகளின் கைக்கும் கொடுப்பது அடுத்த படி.

தொழிலதிபர்களைக் காட்சிசாலைக்குள் விட்டால் அது விளம்பரச் சாலையாகிவிடும் என்று சிலர் அஞ்சுவது நியாயமே. ஆகையால் பெயர்ப்பலகை எதுவுமின்றி, தொழிற்சாலைக்கு ஒரு காட்சியென்று பராமரிக்கும் பொறுப்பை அவர்கள் ஏற்கட்டும். ஓய்வுபெற்ற ஃபிட்டர்களையும், டர்னர்களையும், மோட்டார் காயில் கட்டுபவர்களையும் தக்க ஊதியத்தில் நியமித்து, நுழைவாயிலருகே அவர்களுக்கொரு பட்டறை அமைத்துத் தருவது அறிவியல் மையத்தின் நிர்வாகத்தாருடைய கடமை. அந்தப் பட்டறையின் முதல் வேலையாகப் பன்னிரண்டு மீட்டர்க் குழாயை நிறுத்தச் சொல்லலாம். பம்பும் வார்ப்படமும் கடைசலும் இந்த ஊரிலேயே கிடைக்கின்றன.