உயரத்தைப் பார்த்து இடம் ஒதுக்காதீர்கள்

பள்ளிக் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்கும்போது பல இடங்களில் நடப்பது இதுதான்: வளர்ந்த பிள்ளையைக் கூடைக்கு அடியில் நிறுத்துகிறோம், குள்ளமான, துறுதுறுப்பான பிள்ளையிடம் பந்தைக் கொடுக்கிறோம். ஆறாம் வகுப்பில் ஒதுக்கிய அந்த இடமே பள்ளிப் படிப்பு முடியும்வரை மாறுவதில்லை. வளர்ந்த பையன் பந்தைத் தட்டிக்கொண்டு நான்கு எட்டு வைத்தால், "உனக்கு எதுக்கு டிரிப்ளிங், பந்தைக் கொடு" என்று மைதானத்துக்கு வெளியிலிருந்து குரல் வருகிறது. குள்ளமான பையனுக்கோ கூடைக்கு முதுகைக் காட்டி நின்று பந்து வாங்கவும், எதிராளியை உடம்பால் மறித்து ரீபவுண்ட் எடுக்கவும் யாரும் சொல்லித் தருவதே இல்லை. இந்தப் பழக்கம் அரைகுறை ஆட்டக்காரர்களைத்தான் உருவாக்கும். பதினான்கு வயதுவரை எந்தப் பிள்ளைக்கும் நிரந்தர இடம் ஒதுக்கக் கூடாது. டிரிப்ளிங், பாஸ், ஷூட்டிங், ரீபவுண்ட், தடுப்பாட்டம் ஆகிய ஐந்தையும் எல்லாருக்கும் கற்றுத்தர வேண்டும்.

காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கிரிக்கெட்டில் மட்டை பிடிக்கத் தெரியாதவர்கூடப் பந்துவீச்சின் பலத்தில் அணியில் நிலைத்துவிடலாம். கூடைப்பந்தில் அதற்கு வழியில்லை. 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள களத்தில் ஓர் அணிக்கு ஐந்தே பேர். பந்து கிடைத்த 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். பந்து கைமாறினால் அடுத்த நொடியே ஐவரும் தடுப்பாட்டக்காரர்கள். ஸ்க்ரீன் போடும்போது நடப்பதைக் கவனியுங்கள். பந்து வைத்திருக்கும் குட்டையானவரை விரட்டிவருபவரின் பாதையில் நெட்டையான கூட்டாளி வந்து தூண்போல் நிற்கிறார். தடுக்கும் இருவரும் ஆளை மாற்றிக்கொண்டால், குட்டையானவர் முன்னால் எதிரணியின் நெட்டையானவரும், நெட்டையானவர் முன்னால் எதிரணியின் குட்டையானவரும் வந்து நிற்கிறார்கள். இப்போது வேகமாக நகரத் தெரியாத நெட்டையானவர் தோற்பார். உடம்பைக் கொடுத்து மறிக்கத் தெரியாத குட்டையானவரும் தோற்பார். இன்றைய பயிற்சியாளர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் தேடுவது எதிரணியில் அப்படியொரு பலவீனமானவரைத்தான்.

ஒரே ஒரு குறை எவ்வளவு பெரிய ஆட்டக்காரரையும் முடக்கிப்போடும் என்பதற்கு பென் சிம்மன்ஸ் சாட்சி. 2016-இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் வீரர் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டவர். 6 அடி 10 அங்குல உயரத்தோடு பாஸ் கொடுப்பதிலும் தடுப்பாட்டத்திலும் முன்னணியில் இருந்தவர். ஆனால் தூரத்திலிருந்து எறிய வராது. 2021 பிளே-ஆஃப் ஆட்டங்களில் எதிரணிகள் அவரை வேண்டுமென்றே ஃபவுல் செய்து ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்பின. 73 ஃப்ரீ த்ரோக்களில் 25 மட்டுமே உள்ளே போயின. அட்லாண்டாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், கூடைக்கு அடியிலேயே கிடைத்த வாய்ப்பை அவர் எறியாமல் கூட்டாளிக்குத் தள்ளிவிட்டார். அவருடைய ஃபிலடெல்பியா அணி அன்றே வெளியேறியது.

இதற்கு நேர்மாறான காட்சி 1980 மே 16 அன்று அதே ஃபிலடெல்பியாவில் அரங்கேறியது. லேக்கர்ஸ் அணியின் சென்டர், அதாவது கூடைக்கு அடியில் ஆடும் நெட்டையானவர், கரீம் அப்துல்-ஜப்பார் கணுக்கால் காயத்தால் இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்துக்கு வரவில்லை. முதல் ஆண்டு ஆட்டக்காரரும் இருபதே வயதானவருமான, வழக்கமாகப் பந்தைக் கொண்டுவரும் பாயிண்ட் கார்டு மேஜிக் ஜான்சன் சென்டர் இடத்தில் இறங்கி, 42 புள்ளி, 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட் எடுத்துக் கோப்பையை வாங்கித் தந்தார். இப்போது செர்பியாவின் நிக்கோலா யோகிச் சென்டராக நின்றுகொண்டே அணியின் ஆட்டம் முழுவதையும் நடத்துகிறார். 2023-இல் அவருடைய டென்வர் அணி கோப்பை வென்றபோது அந்தப் பிளே-ஆஃப் முழுவதிலும் மொத்தப் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் முதலிடம் அவருக்கே; அதற்கு முன் யாருமே செய்யாத சாதனை அது. தேர்வில் அவர் 41-ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார் என்பதையும் மறக்க வேண்டாம்.

அவர்களெல்லாம் பிறவி மேதைகள், நம் பிள்ளைகளை அவர்களோடு ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். அதற்கு விடை ஜார்ஜ் மைக்கனிடம் இருக்கிறது. 1940-களில் சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவர் தடித்த கண்ணாடி போட்ட, கால் தடுமாறும் 6 அடி 10 அங்குல இளைஞர். பயிற்சியாளர் ரே மேயர் அவரைக் கயிறு தாண்டவும், குத்துச்சண்டைப் பயிற்சி எடுக்கவும், நடனம் பழகவும் வைத்தார். கூடவே கொடுத்த ஒரு பயிற்சி இன்றும் உலகமெங்கும் மைக்கன் பெயரிலேயே நடக்கிறது. கூடைக்கு அடியில் நின்று, இடது காலை ஊன்றி எழும்பி, வலக் கையால் பலகையின் வலப்பக்கத்தில் பந்தைப் போட வேண்டும். வலையிலிருந்து விழும் பந்தைத் தரையில் படவிடாமல் இரு கைகளாலும் பிடித்து, மோவாய்க்குக் கீழே இறக்காமல், உடனே வலது காலை ஊன்றி இடக் கையால் இடப்பக்கத்தில் போட வேண்டும். நிற்காமல் மாறி மாறிச் செய்தால் சில வாரங்களில் காலும் கையும் பழகிவிடும். அந்தத் தடுமாறும் இளைஞர்தான் பின்னாளில் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு 1949 முதல் 1954 வரை ஐந்து பட்டங்கள் வாங்கித் தந்தார். என்பிஏவின் ஏழடி உயர புரூக் லோபஸ் தன் முதல் எட்டு சீசன்களில் மொத்தமே மூன்று த்ரீ-பாயிண்டர்கள் போட்டவர். 28 வயதில் பழகத் தொடங்கி, 2016-17 சீசனில் மட்டும் 134 போட்டார். இருபத்தெட்டில் வருவது பன்னிரண்டில் வராதா?

இன்னொன்று, பன்னிரண்டு வயதில் இருக்கும் உயரம் பதினெட்டில் இருக்கப்போகும் உயரம் அல்ல. அமெரிக்காவின் ஆண்டனி டேவிஸ் உயர்நிலைப் பள்ளியில் கார்டாக ஆடிக்கொண்டிருந்தபோது சுமார் 8 அங்குலம் வளர்ந்துவிட்டார். பந்தைத் தட்டிப் பழகிய கையோடு நெட்டையான உடம்பும் சேர்ந்ததால் 2012-இல் என்பிஏவின் முதல் தேர்வாக ஆனார். நம் நாட்டின் கதை வேறு. பஞ்சாபின் 7 அடி 2 அங்குல சத்னாம் சிங் பமாரா 2015-இல் டல்லஸ் அணியால் 52-ஆவதாக எடுக்கப்பட்டு, என்பிஏ தேர்வில் இடம்பிடித்த முதல் இந்தியர் ஆனார். ஆனால் ஒரு என்பிஏ ஆட்டத்தில்கூட இறங்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் என்பிஏ அணிகள் நெட்டையானவர்களிடமும் வெளியிலிருந்து எறியும் கையையும் களமெங்கும் ஓடும் காலையும் எதிர்பார்க்கத் தொடங்கிய காலம் அது. உயரம் கதவைத் திறந்துவிடும். உள்ளே நிலைக்கத் திறமைகள் வேண்டும்.

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது அடுத்த ஆட்சேபம். ஷகீல் ஓ'நீல் ஃப்ரீ த்ரோவில் 52.7 சதவீதமே எடுத்தும் நான்கு பட்டங்கள் வென்றார். டென்னிஸ் ராட்மன் ரீபவுண்டை வைத்தே ஐந்து பட்டங்கள் பார்த்தார் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஷகீலின் உடம்பு கோடியில் ஒருவருக்கு வாய்ப்பது; அவரையும் எதிரணிகள் ஃபவுல் செய்தே முடக்கப் பார்த்தன. ராட்மனோ ஜோர்டன் போன்ற கார்டையும் கார்ல் மலோன் போன்ற பலசாலியையும் தடுக்கத் தெரிந்தவர். தடுப்பாட்டத்தில் அவரைவிட முழுமையானவர் அரிது. எல்லாவற்றிலும் உச்சம் தொட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எதிரணி பயன்படுத்திக்கொள்ளும் ஓட்டை எதிலும் இருக்கக் கூடாது. அதற்கு மேல் ஒன்றில் சிறந்து விளங்கட்டும். அந்த ஒன்று எது என்பதும் எல்லாவற்றையும் ஆடிப் பார்த்த பிறகுதான் தெரியவரும்.

உடற்கல்வி ஆசிரியர்களின் நெருக்கடி இவற்றைவிட நியாயமானது. கோப்பையைக் கேட்கும் நிர்வாகம், விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் கேட்கும் பெற்றோர், ஒரே களம், நாற்பது பிள்ளைகள், விரல்விட்டு எண்ணக்கூடிய பந்துகள். இந்த நிலையில் அவர்களை மட்டும் குறை சொல்வது தவறு. போட்டி விதிகள் மாற வேண்டும். என்பிஏவும் அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பும் 2016-இல் வெளியிட்ட சிறுவர் வழிகாட்டுதல்கள், சின்ன வயதினருக்கு ஜோன் தடுப்பாட்டம் (ஆளைத் தொடராமல் ஆளுக்கொரு பகுதியை மட்டும் காப்பது) வேண்டாம் என்றும், எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக ஆட வாய்ப்புக் கொடுங்கள் என்றும், பதினான்கு வயதுக்கு முன் ஒரே விளையாட்டில் அடைத்துவிடாதீர்கள் என்றும் சொல்கின்றன. வசதிக் குறைவுக்கும் வழியுண்டு. தடுப்பாட்டத்தின் பக்கவாட்டு நகர்வுக்குப் பந்தே தேவையில்லை; பாஸ் பழக ஒரு சுவர் போதும். டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட 3x3 ஆட்டத்துக்குப் பாதிக் களமும் ஒரு கூடையும் போதும். மூன்றே பேர் என்பதால் பந்து கொண்டுவருவது, எறிவது, மறிப்பது என எல்லா வேலையும் எல்லாருக்கும் வந்துசேரும். ஒரே களத்தில் இரு ஆட்டங்கள், பன்னிரண்டு பிள்ளைகள்.

மாவட்டக் கூடைப்பந்துக் கழகங்களும் பள்ளிக் கல்வித் துறையும் 14 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் மூன்று மாற்றங்களைக் கொண்டுவரட்டும்: ஜோன் தடுப்பாட்டத்துக்குத் தடை, பெயர் கொடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டாயம் ஒரு கால்பகுதி ஆட்டம், பள்ளிகளுக்கிடையே 3x3 தொடர். இவற்றுக்குப் பெரிய செலவு கிடையாது. ஆசிரியர்களே, இந்தப் பருவத்திலேயே உங்கள் அணியின் நெட்டையான பிள்ளையிடம் பந்தைக் கொடுத்துக் களத்தின் மறுமுனைவரை கொண்டுபோகச் சொல்லுங்கள். முதலில் தவறவிடும், விடட்டும். பெற்றோரே, ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம் எத்தனை புள்ளி எடுத்தாய் என்று கேட்பதை விட்டு, இன்று புதிதாக என்ன செய்து பார்த்தாய் என்று கேளுங்கள்.